இல்லாத சரிகையும் இருக்கிற தலைவலியும்

அனுப்புநர்:
அழகமுத்து பரிமளம்,
விற்பனை உதவியாளர், நிறைமதி புடவையகம்,
ஹந்தானை வீதி, கண்டி.

பெறுநர்:
உதவித் தொழில் ஆணையாளர் அவர்கள்,
மாவட்டத் தொழில் அலுவலகம், கண்டி.

விடயம்: ஒற்றைத் தலைவலியுள்ள ஊழியரை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிறுத்தும் இடமாற்றத்தைத் தடுத்தலும், அவர் வாந்தியெடுத்த காணொளியை அழிப்பித்தலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி புடவையகத்தின் சேலைப் பிரிவில் வேலை செய்பவள். வயது நாற்பத்தெட்டு. கடைக்குள் எனக்கு வேறொரு பெயர் உண்டு. அது தங்கள் அலுவலகக் கோவையில் எழுத ஏற்றதல்ல. யார் வீட்டில் என்ன சண்டை, யாருக்கு யார்மேல் கண் என்ற விபரங்கள் முதலில் என்னிடம் வந்துசேர்வதால் வைத்த பெயர். எதிர்த்தரப்பார் தங்களிடம் முதலில் சொல்லப்போவது இதுதான் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன்.

2. எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. அரச கிளினிக்கில் மருந்து எடுக்கிறேன். வலிக்கு முன்னால் கண்ணுக்குள் வெள்ளி நிறத்தில் வளைந்து வளைந்து ஒரு கோடு மினுங்கும். உடனே மாத்திரை போட்டு, வெளிச்சமும் சத்தமும் இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் படுத்தால் பெரும்பாலும் எழுந்து வேலைக்குத் திரும்பிவிடுவேன். படுக்காவிட்டால் அன்றைய நாள் போய்விடும், சாப்பிட்டதும் போய்விடும்.

3. இது முதலாளிமாரால் முடியாத காரியம் அல்ல. முன்பு கலகெதரவில் ஹபீல் நானாவின் செருப்புக் கடையில் இருந்தேன். அவர் வைத்தியமும் படிக்கவில்லை, முகாமைத்துவமும் படிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் சாமான் அறையின் மின்குமிழை அணைத்துவிட்டு, “போய்ச் சாஞ்சிக்கங்க, யாவாரம் எங்கயும் ஓடாது” என்பார். நானும் எழுந்து வந்து, வேண்டாம் என்றவர்களுக்கும் செருப்பு விற்பேன்.

4. இப்போதைய கடையில் நடந்தது வருமாறு. சேலையின் உண்மையான நிறத்தைக் காட்ட வாடிக்கையாளரை வாசல் வெயிலுக்குக் கூட்டிப்போவது எங்கள் தொழில் வழக்கம். சென்ற மாதம் ஓர் அம்மாவுக்கு ஊதாச் சேலையொன்றை என் தோளில் போட்டு வெயிலில் காட்டினேன். கரையில் வெள்ளிச் சரிகை அலை அலையாக ஓடியது. விடுவேனா? கலியாண வீட்டில் பெண்ணை விட்டுவிட்டு எல்லோரும் இந்தக் கரையைத்தான் பார்ப்பார்கள் என்று அடித்துச் சொன்னேன். அந்த அம்மா சேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னாங்க, இதுல சரிகையே இல்லையே” என்றார். உண்மைதான். அது வெறும் பருத்திச் சேலை. சரிகை என் கண்ணுக்குள் ஓடியிருக்கிறது.

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் இன்றுவரை எனக்கெதிரான ஒரே சாட்சியம்.

5. மேல்மாடி அறையில் சற்றுப் படுக்க முகாமையாளர் சுதேஷிடம் அனுமதி கேட்டேன். அந்த அறையில் திரைச்சீலையும் கட்டிலும் உண்டு. முதலாளி திரு. வீரசிங்கம் பகல் சாப்பாட்டுக்குப் பின் அங்கேதான் கண்ணயர்வார். அவருக்கு ‘காஸ்ட்ரிக்’. அந்த நேரம் கடை வானொலி நிற்கும்; விலை பேசும் வாடிக்கையாளர்கூட கிசுகிசுக்க வேண்டும். அன்று அவர் கொழும்புக்குப் போயிருந்தார், அறை சும்மா கிடந்தது. சுதேஷ் தந்த பதில்: “இப்பதானேக்கா பல்லக் காட்டிட்டு நின்னீங்க? தலவலி எனக்குந்தான் வருது, ஒங்க பேச்சக் கேட்டு.” சொன்ன விதம் நன்றாகத்தான் இருந்தது. வேறு நாளென்றால் நானே இதை நாலு பேருக்குச் சொல்லியிருப்பேன்.

6. துணி மூட்டைகள் வைக்கும் அறையில் போய் விழுந்தேன். கமராவுக்குத் தெரியவேண்டும் என்று அங்கும் விளக்கை அணைக்க விடவில்லை. வெறும் சேலைப் பெட்டியொன்றுக்குள் வாந்தியெடுத்தேன். ரவிக்கைத் துணிப் பிரிவில் வேலை செய்யும் இன்ஷிரா ஓடிவந்து தலையைப் பிடித்தாள். அன்று மாலையே அந்தக் கமராக் காட்சி, “நம்ம அக்கா புது டிசைன் போடுறாங்க” என்ற வாசகத்துடன் கடையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அனுப்பியவர் சுதேஷ். சிரிக்கும் மூஞ்சி போட்டவர்களில் முதலாளியும் ஒருவர். குழுவிலிருந்து யாரோ அனுப்பி, நான் வீடு போய்ச் சேருமுன் ஹேவாஹெட்டவில் என் அண்ணன் குடும்பம் அதைப் பார்த்துவிட்டது.

ஐயா, நான் ஊர்க்கதை சுமப்பவள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனுசி குனிந்து வாந்தியெடுப்பதை எந்த வீட்டு வாசலுக்கும் நான் கொண்டுபோனதில்லை. அந்தப் பெட்டிக்குள் இருந்ததைக் கழுவிவிட்டேன். இவர்கள் கையில் வைத்து இன்னும் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்தால்தான் குமட்டுகிறது.

7. கிளினிக் வைத்தியரின் கடிதத்தை முதலாளியிடம் கொடுத்தேன். வாசித்தார். கண்ணூறு என்று முடிவு செய்தார். மறுநாள் கடை திறக்குமுன் என்னை நடுவில் நிறுத்தி, செத்தல் மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டார்கள். புகையில் முதலாளியே இருமிக்கொண்டு வெளியே போனார்; என்னை மட்டும் அசையக்கூடாது என்றார்கள். அதற்கும் வலி கேட்கவில்லை என்றதும் அடுத்த சிகிச்சை வந்தது. வரும் திங்கள் முதல் தீபாவளி வியாபாரத்துக்கு நான் வாசலில், மினுக்கு விளக்குகளின் கீழ், ஒலிபெருக்கிப் பெட்டியின் பக்கத்தில் நின்று மைக்கில் ஆட்களைக் கூப்பிட வேண்டுமாம். “ஒனக்கு வாய் நல்லா இருக்குதானே பரிமளம். ஏலாட்டி எழுதிக் குடுத்துட்டுப் போ” என்றார். இன்ஷிரா மட்டும், “சேர், அவங்க நடிக்கல்ல, நான்தான் தலையப் புடிச்சேன்” என்றாள். அடுத்தது நீயா என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள்.

8. நான் கேட்பது நட்டஈடு அல்ல, விசேட லீவும் அல்ல. திங்களுக்கு முன் அந்த இடமாற்றத்தை நிறுத்தித் தாருங்கள். காணொளியை எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்கச் செய்யுங்கள். வலி வரும் நேரத்தில், முதலாளி உறங்காத வேளையில், அந்த மேல்மாடி அறையின் கதவு எனக்கும் திறக்க உத்தரவிடுங்கள். சாட்சி சொல்ல இன்ஷிரா தயார்; அதற்காக அவள் வேலை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நானாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகமாட்டேன். இந்த வயதில் என்னை யார் புதிதாகச் சேலை மடிக்கக் கூப்பிடப்போகிறார்கள்?

கடைசியாக ஒன்று. விசாரணைக்கு அழைத்தால் நான் சிரித்த முகத்தோடுதான் வருவேன். தங்கள் அலுவலகத்தில் ஒருவரையாவது சிரிக்கவும் வைப்பேன். என் முகம் அப்படி. அதைப் பார்த்து இவளுக்கு என்ன வருத்தம் என்று தாங்களும் எழுதிவிடாமல், தயவுசெய்து அறையின் விளக்கை ஒரு தடவை அணைத்துவிட்டு என்னை விசாரியுங்கள்.

இப்படிக்கு, தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) அ. பரிமளம்

இடம்: கண்டி
திகதி: 2025.10.08