நூறு ரூபாய் றியால்

தோஹா
20.04.2022

நஸ்ஹாவின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போடுகிறாய். நம் வீட்டுக் கதைக்குத் தெருவே தீர்ப்புச் சொல்கிறது. அதனால் லீவில் வரும் ஜெயரூபனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன மாதத் தொடக்கத்தில் நம் இலங்கைக் காசில் ஐம்பத்தைந்து ரூபாயாக இருந்த கத்தார் றியால் இன்று தொண்ணூறு! றூமில் எல்லாரும் சேர்த்ததை வழித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அசையவில்லை. நூறு வரட்டும். மகளுக்குச் சீதனமாகக் கட்டும் வீட்டுக்கு அந்தக் காசில் கூரை போடுவோம். கூரை ஏறும் அன்றே டிக்கெட் எடுப்பேன். பதினொரு வருடம் அடுத்தவன் லொறியை ஓட்டியது போதும்.

உன் ஹமீட்

ஏறாவூர்
19.05.2022

நஸ்ஹாவின் வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். றியால் ஏறும்போது சீமெந்து மட்டும் கீழே குந்திக்கொண்டிருக்குமா? ஒரு பை மூவாயிரத்துக்குக் கிட்ட. மேசன் தங்கராசா அண்ணன் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "கூரை போடாட்டி எல்லாம் ஊறிப் போகும் தங்கச்சி" என்றார். இப்போது அங்கே குடியிருப்பது இரண்டு ஆடுகள். வாடகை தருவதில்லை.

நஸ்ஹாவுக்குப் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளையின் உம்மா ஆமினா உம்மா வந்து, "வீடு எப்ப முடியும்?" என்று கேட்டார்.

"அவர் றேட்டப் பாத்துக்கிட்டு இரிக்கார்" என்றேன்.

"மகளையும் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

றஸீனா

தோஹா
02.09.2022

அன்பு றஸீனா,

தொண்ணூற்றெட்டு! இன்னும் இரண்டே ரூபாய். றூமில் எனக்கு மத்திய வங்கி 'கவர்னர்' என்று பட்டம். சுபஹு தொழுதுவிட்டுத் திரும்பினால், "கவர்னர், இண்டைக்கு என்ன?" என்று வரிசையில் நிற்கிறார்கள். கேட்டவன் எல்லாம் அனுப்பிவிட்டான், கவர்னர்தான் அனுப்பவில்லை. இப்போது தொண்ணூற்றெட்டுக்கு அனுப்பினால் இந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? ஆமினா உம்மாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

ஹமீட்

ஏறாவூர்
10.05.2023

நஸ்ஹாவின் வாப்பாவுக்கு,

ஸலாம். றேட் இறங்குவதை நியூஸில் பார்த்தேன். உங்களிடம் கேட்கவில்லை, கேட்டால் வெட்கப்படுவீர்கள் என்று.

மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்க்கத் தொடங்கினார்கள். அதனால் என் உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டை, நாம் இருபத்தாறு வருடம் இருந்த வீட்டை, நஸ்ஹாவின் பெயருக்கு எழுதிவிட்டேன். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ்.

புது மாப்பிள்ளை அங்கே குடிவரமுதல் நான் அதை விட்டு வெளிக்கிட வேண்டும்தானே. ஆடுகளை விரட்டினேன். முடியாத வீட்டில் ஒரு அறைக்குத் தகரம் போட்டுக் குடிவந்துவிட்டேன். குசினிக்குத் தகரம் போதவில்லை. மழை வந்தால் ஒரு கையில் குடை, மறுகையில் அகப்பை. ஆடுகள் வாசலில் நின்று பார்க்கின்றன. அவற்றுக்கும் என் மீது கோபம்.

மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க வாப்பா வேண்டும். இந்த ஒருமுறை றேட் பார்க்காமல் வாருங்கள்.

றஸீனா

தோஹா
06.06.2023

றஸீனாவுக்கு,

உன் கடிதம் வரும்போது நான் ஏற்கெனவே ஒரு முட்டாள்வேலை பார்த்து முடித்திருந்தேன். இரண்டு வருடம் இருந்தால் றேட் மறுபடி ஏறும் என்று, உனக்குச் சொல்லாமல், ஏப்ரலில் புதுக் கொன்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முதல் வருடம் லீவு இல்லை. பாஸ்போர்ட் முதலாளியின் அலுமாரியில். மூன்று தரம் கேட்டுப் பார்த்தேன். மூன்றாம் தரம் தேநீர் தந்தார்.

என் இடத்தில் நின்று மகளைக் கொடுக்க என் தம்பி சரீபுக்கு அனுமதி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நஸ்ஹாவுக்கு நீதான் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வராது.

நேற்று எல்லாக் காசையும் அனுப்பினேன். றேட் எண்பது. பாதி வீட்டுக்குத்தான் கூரை காணும். தங்கராசாவிடம் சொல்லி முதலில் குசினிக்குப் போடு. கூரை ஏறும் அன்றே டிக்கெட் என்றேன். அன்றைக்கு நான் லொறியில் இருப்பேன்.

இனி றேட் பார்ப்பதில்லை என்று றூமில் எல்லார் முன்னாலும் சத்தியம் பண்ணினேன். சிரித்தார்கள்.

இன்று எண்பத்தொன்று.

ஹமீட்