பூக்கட்டிப் பார்க்கப் போன கற்கள்

கருங்காலித் தோட்டம், மேற்கணக்கு,
நோட்டன் பிரிட்ஜ்.
1958, மாசி மாதம்.

அன்பு மகள் பரிமளத்துக்கு உன் அப்பா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். கடலுக்கு அப்பால் ஆஸ்திரேலியாவில் நீயும், நீ பார்த்துக்கொள்ளும் துரை வீட்டுப் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நீ அனுப்பிய கடிதமும் கல் பொட்டலமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. துரைசாணியின் அண்ணன் கல் பட்டறை வைத்திருக்கிறார், நகைக்கு ஆகாத சின்னக் கற்களை உனக்குச் சும்மா கொடுத்தார் என்று எழுதியிருந்தாய். ஆகாத கல்லே இப்படியென்றால் ஆகிற கல் எப்படி இருக்குமோ, நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. ஓப்பல் என்ற பெயர் அம்மாவின் வாயில் நுழையவில்லை, பரிமளம் கல்லு என்றே லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள். கறுப்புக் கல்லைப் பார்த்து இதென்ன அடுப்புக்கரி என்றுதான் முதலில் நினைத்தேன். வாசல் வெளிச்சத்தில் திருப்பினால் உள்ளே மயில் கழுத்து நீலமும் பச்சையும் புரள்கின்றன, ஓரத்தில் ஒரு சிவப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொள்கிறது. தவிட்டு நிறப் பாறைத் துண்டோடு ஒட்டி வந்த கல்லில் நீலம் நரம்பு மாதிரி ஓடுகிறது, பாறை எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று நகத்தால் தடவியும் தெரியவில்லை. வேறு தேசத்துக் கல் என்று எழுதியிருந்தாயே, அந்தத் தோடம்பழச் செம்மஞ்சள் நிறக் கல், அது மின்னவே இல்லை, ஆனால் தணல் மாதிரி தானே எரிகிறது. மிச்சம் இரண்டும் பால் நிறம், அவற்றின் கதையைத்தான் இனிச் சொல்லப் போகிறேன். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இத்தனை வருஷமாகச் சாயம் பார்க்கிறவன் நான். ஒரு பொருளுக்கு ஒரு நிறம் என்றுதான் எனக்குத் தெரியும்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்குப் பேசிய இரண்டு வருஷம் முடிந்துவிட்டது, சித்திரையில் கப்பல் இருக்கிறது, ஆனால் அங்கேயே இருந்தால் நர்ஸ் படிப்பில் சேர்த்துவிடுவதாகத் துரைசாணி சொல்கிறார், வரட்டுமா இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அம்மாவுக்கு நீ வர வேண்டும். எனக்கும் அப்படித்தான், மறைப்பானேன். ஆனாலும் லயத்தில் பிறந்த பிள்ளை நர்ஸாவது சின்ன விஷயமா? இதை வைத்து இருவரும் வாய்ச்சண்டை போட்டு ஓய்ந்த பிறகு, அம்மனிடம் பூக்கட்டிப் பார்ப்போம் என்றாள் அம்மா. வெள்ளைப் பூ வந்தால் நீ வர வேண்டும், சிவப்பு வந்தால் இருந்து படிக்க வேண்டும். அதோடு விட்டாளா, பூ எதற்கு, என் மகள் கை பட்ட கல் இருக்கிறதே, அதைக் கட்டினால் யாரைப் பற்றிக் கேட்கிறோம் என்று அம்மனுக்குச் சட்டென்று விளங்கும் என்றாள். அந்தப் பால் கற்கள் இரண்டையும் வாசலில் பிடித்துப் பார்த்தாள். ஒன்று வெறும் வெள்ளை, மற்றதில் அந்த நேரம் நெருப்புப் பொறி மாதிரி சிவப்பு. இது வெள்ளை, இது சிவப்பு என்று தனித்தனி வெற்றிலையில் மடித்துவிட்டாள். நானும் பெரிய அறிவாளி மாதிரி தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூசையில் பொட்டலங்களை அம்மன் காலடியில் போட்டோம். பூசாரி சோலைமலை கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். விளக்கு வெளிச்சத்தில் கல் முழுக்கச் சிவப்பு. அம்மாவின் முகம் சுருங்கிப் போயிற்று. ஆனால் அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு வேலாயி வெள்ளையல்லவா வந்திருக்கிறது என்றாள். பூசாரி கையைத் திருப்பினார், பச்சை ஓடியது. சந்தேகப்பட்டு மற்றப் பொட்டலத்தையும் பிரித்தார், அதுவும் சிவந்தது, பிறகு வெளுத்தது, பிறகு ஊதா. இரண்டையும் ஒரே உள்ளங்கையில் வைத்தபின் எது எந்தக் கல் என்றே பிடிபடவில்லை. நின்றவர்கள் எல்லாரும் சுற்றிவந்து பார்த்தார்கள், ஒவ்வொருவரும் ஒரு நிறத்தைச் சத்தியம் செய்து சொன்னார்கள், ஒருவரும் பொய் சொல்லவில்லை. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது மகளே. பூசாரி உள்ளங்கையை அம்மாவிடம் நீட்டினார். மடித்தவள் நீதானே மீனம்மா, நான் முதலில் எடுத்தது வெள்ளையா சிவப்பா, நீ சொல்வதை வைத்துக்கொள்வோம் என்று அம்மாவிடம் கேட்டார். வெள்ளை என்று சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். ஆமாம் போடவும் தயாராக இருந்தேன். அவள் கற்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில், “தெரியல சாமி” என்றாள்.

லயத்துக்கு இறங்கி வரும்போது, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிள்ளை வந்திருக்குமே என்று கேட்டேன். “நான் பொய் சொல்லி அவ வந்துட்டா, அவ மொகத்த எப்புடிங்க பாக்குறது” என்றாள். 

ஆகையால் வா என்றோ இரு என்றோ நான் எழுதப் போவதில்லை. கப்பலுக்கு முன்னால் பதில் கிடைக்கும்படி உடனே எழுது. குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொள், தலை ஈரத்தோடு வெளியே போகாதே. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா, தான் சொன்னதை எழுத வேண்டாம், பிள்ளை மனசு கஷ்டப்படும் என்கிறாள், எழுதிவிட்டேன். எங்கே இருந்தாலும் அம்மன் உன் பக்கத்தில் இருப்பாள். நீ என்ன எழுதுகிறாயோ அதையே அம்மன் வாக்காக எடுத்துக்கொள்கிறோம், அம்மாவும் சரியென்று சொல்லிவிட்டாள்.

ஆசீர்வாதத்துடன்
உன் அப்பா
நல்லமுத்து