சம்பந்தி வீட்டு மடை

அன்பு மகளுக்கு, உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேண்டும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய், நீ போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு சமைக்கிறவள், இது மாப்பிள்ளை காதில் எடுத்த எடுப்பில் விழக்கூடாத சங்கதி.

நம்ம குளத்து இறால் இந்த முறை என் முன்கை நீளம் வந்திருக்கிறது, உன் சித்தி விரல் நீளம் என்பாள், அவள் பேச்சை விடு. மீன்வளத்துறை அதிகாரியம்மா வந்து, கரையில் கால் கழுவ மருந்துத் தொட்டி, பறவை இறங்காமல் மேலே கட்ட வலை, எல்லாம் பாதி விலைக்குக் கொடுத்தார்கள், நாட்டிலேயே முதலில் எனக்குத்தான். ஒரு குளத்து வீச்சுவலை இன்னொரு குளத்தில் நனையக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். போன வாரம் உன் மாமனார் வந்து வலையைக் கேட்டார். பெண்ணையே கொடுத்த வீட்டுக்கு வலையைக் கொடுக்கமாட்டேன் என்றா சொல்வது, கொடுத்தேன். திரும்பி வந்ததை உன் சித்தி குளத்துப் பக்கமே விடவில்லை, வாசலிலேயே உதறினாள், கண்ணியில் ஒரு இறால் ஓடு, உப்புத் தூவினது மாதிரி வெள்ளைப் புள்ளி, குளத்தையே காலி பண்ணுகிற நோய் அது. உடனே வலையை பிளீச்சிங் பவுடர் டிரம்மில் அமுக்கினாள்.

நேரே உன் மாமனார் குளத்துக் கரைக்குப் போனேன். கொக்கெல்லாம் ஒரே ஓரமாகக் கூடி நிற்கிறது, நோய் கண்ட இறால் ஓரம் ஒதுங்கும், அதற்குத்தான் அந்தக் கூட்டம். தீவனத் தட்டைத் தூக்கினால் போட்ட தீனி போட்டபடி. துறைக்குச் சொல்லிவிடுங்கள் சம்பந்தி, அவர்களே மருந்து போட்டு நஷ்ட ஈடும் தருவார்கள், இந்தத் தண்ணீரை வாய்க்காலில் விட்டால் கீழே நம்ம குளம் வரை ஒன்றும் மிஞ்சாது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, உங்க கண்ணுக்கு இறாலும் பெரிசு புள்ளியும் பெரிசு சம்பந்தி, அமாவாசைக்குக் கடல் உள்வாங்கும்போது மடையைத் திறந்து கழுவிவிட்டால் தீர்ந்தது என்கிறார். இறால் வளர்ப்போர் சங்கத்தில் போய்ச் சொன்னேன், அண்ணன் இன்றைக்கு முதலை பிடித்தாரா திமிங்கலம் பிடித்தாரா என்கிறான்கள். நான் கலப்படமில்லாமல் சொன்ன ஒரே சேதி, அதைத்தான் ஒருத்தனும் நம்பவில்லை.

கடைசியில் அந்த இறால் ஓட்டை ஒரு டப்பாவில் போட்டு அதிகாரியம்மாவிடம் கொடுத்தேன். எந்தக் குளம் என்று மட்டும் கேட்டார்கள். என் நாக்குக்கு அன்றைக்குத்தான் இத்தனை கனம். சொல்லிவிட்டேன் மகளே. பரிசோதனை முடிவு வராமல் மடைக்குப் பூட்டுப் போட அவர்களுக்கு அதிகாரம் இல்லையாம், அமாவாசை அதற்குள் வந்துவிடும்போல இருக்கிறது. சித்தப்பா காட்டிக்கொடுத்தான் என்று உன் மாமியார் சொல்லி நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன், மாப்பிள்ளைக்கு நீ பக்குவமாகச் சொல்லு, சாப்பிட்ட பிறகு சொல்லு.

லீவுக்கு வந்தால் எந்த வீடு என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். உன் மாமனார் கரையில் கால் வைத்தால் அதே செருப்போடு நம்ம கரைக்கு வராதே, வாசலோடு பார்த்துவிட்டுப் போ, நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். இருவரும் ஒற்றுமையாக, குறைவில்லாமல் இருக்க என் ஆசீர்வாதம்.

உன் சித்தப்பா

உறையை ஒட்டப் போனேன், உன் சித்தி கரையிலிருந்து ஓடி வருகிறாள். சம்பந்தி மடைப் பக்கமிருந்து வாய்க்காலில் தண்ணீர் ஏறி வருகிறதாம். அமாவாசை இன்னும் வரவில்லையே.