என் பெயரில்தான் கணக்கு

பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் வேலை செய்யும் வீட்டில் கழித்துப் போட்ட துணிகளைத் தைத்துச் சீராக்கி, பழைய துணி விற்கும் செயலியில் போடுகிறேன் அல்லவா? பணம் வந்துசேர வங்கிக் கணக்கு கேட்டார்கள். உங்கள் தம்பியின் கணக்கைக் கொடுக்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். என் தையல் மிஷினை விற்ற பணத்தை, "நாளைக்கே தந்துடறேன் அண்ணி" என்று வாங்கிப் போனவர் அவர். அந்த நாளைக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதனால் நானே போய் என் பெயரில் கணக்கு தொடங்கிவிட்டேன்.

அதைச் செயலியில் பதிந்து, தைத்துச் சீராக்கிய ஒரு கோட்டையும் விற்கப் போட்டேன். மறுநாளே ஏழு காசு வந்தது. உடனே செயலிக்காரர்களுக்குப் போன் போட்டேன்.

"கோட்டுக்கு ஏழு காசா? பிச்சையா போடுறீங்க?"

எடுத்த பெண் சிரித்துவிட்டாள். "அது விலை இல்ல பாட்டி. கணக்கு உங்களோடதுதானான்னு பார்க்க அனுப்பினது. எவ்வளவு வந்துச்சுன்னு கேட்போம். நீங்கதான் கத்தியே சொல்லிட்டீங்களே!"

நேற்று கோட்டும் விற்றது. மிஷின் வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்புவேன். தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

பொத்தான் அறுந்த உங்கள் கட்டம் போட்ட சட்டையை அனுப்பிவையுங்கள். அங்கே யாராவது கோணலாகத் தைத்துவிடுவார்கள். விற்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

வீட்டம்மா கூப்பிடுகிறாள். நிறுத்துகிறேன்.