ஐந்தாவது கேள்வி

இன்று வத்தலக்குண்டு பேருந்தில் எனக்குப் பின்னிருக்கையில் ஒரு கைப்பேசி பேசிக்கொண்டு வந்தது. திரையில் இருப்பதையெல்லாம் வாசித்துச் சொல்லும் பெண் குரல். மூச்சுவிடாத வேகம். திரும்பிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி அணிந்த இளைஞர் ஒருவர் திரையில் விரலை இழுத்துக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு அது வெறும் இரைச்சல். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. உன் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து பழகிய காது.

நிறுத்தம் வந்தது. இறங்கினேன். அழவில்லை. உன் விஷயத்தில் நான் இன்னும் அழவே இல்லை, அக்கா.

உன் கைப்பேசியிலும் அந்தக் குரல் இருந்ததால் உனக்கு யாரும் தேவைப்படவில்லை. செய்தித்தாளைக் கேட்டாய். பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாத்தாளை நீயே அடித்தாய். கீரனூரிலிருந்து உன் தம்பி அனுப்பும் கிண்டல்களுக்கு அதைவிட நீளமான கிண்டலாகப் பதில் போட்டாய். இரண்டே வேலைகளுக்குத்தான் நான் வேண்டியிருந்தது. முதலில் கல்லூரித் தேர்வு. பிறகு, அரசாங்கத்திடம் கேள்வி கேட்பது.

தேர்வில் நீ சொல்வாய், நான் எழுதுவேன். நீ எம்.ஏ., நான் பி.ஏ. ஒருமுறை நீ சொன்ன விடை தவறென்று எனக்குத் தோன்றியது. பேனா நின்றது.

“ஏம் புள்ள நிறுத்திட்ட?”

“ஒண்ணுமில்லக்கா.”

“எழுது. தப்பா இருந்தாலும் அது என்ற தப்பு, உன்ற தப்பு இல்ல.”

எழுதினேன்.

நம் மாவட்டத்து அரசு அலுவலகம் ஒன்றில் பார்வையற்றோருக்கென ஒதுக்கிய வேலையிடம் ஒன்றே ஒன்று. நேர்காணலுக்குப் போய்வந்தாய். இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. உன் பெயர் இல்லை. வேறு யார் பெயரும் இல்லை. இடம் காலியாகவே இருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம் என்றாய். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மேசையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பூசை முடிந்து வந்து, ஐந்து கேள்விகளைச் சொன்னாய்.

“ஏன் எடுக்கலைன்னு நேராவே கேட்டுருவமேக்கா?” என்றேன்.

“ஏன்னு கேட்டா பதில் வராது புள்ள. நகல் கேட்டாத்தான் வரும்.”

எத்தனை இடம், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை அழைத்தார்கள், பட்டியலின் நகல். ஐந்தாவது: உன்னுடைய மதிப்பெண் தாளின் நகல், அதில் ‘குறிப்பு’ என்ற இடத்தில் அதிகாரிகள் எழுதியது உட்பட.

“அது எதுக்குக்கா?”

“அடுத்த நேர்காணல் வருமில்ல. எதுல விழுந்தேன்னு தெரியாம எப்படிப் போறது?”

அன்று சாயங்காலம் நல்ல தாளில் படியெடுத்தேன். நான்கு கேள்விகளை எழுதினேன். ஐந்தாவதை எழுதவில்லை.

அதிகாரிகள் கோபப்பட்டு உன்னை மனதில் வைத்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணமில்லை. நீ தங்கியிருந்த விடுதியில் தபால் தொலைந்துபோகும் என்பதால் பதில் என் முகவரிக்குத்தான் வரும். நான்தான் பிரிப்பேன். நான்தான் வாசிப்பேன். அந்தக் குறிப்பில் அவர்கள் என்ன எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கண் தெரியாதவர், இந்த வேலைக்கு ஆகமாட்டார். அந்த வாக்கியத்தை என் வாயால் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான்.

கையெழுத்துப் போட வந்தாய். கோட்டுக்கு மேல் ஒரு தபால் அட்டையை வைத்துப் பிடித்தேன். அதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டே உன் பெயரை எழுதினாய். அதற்கு மேலே நான்கு கேள்விகள் இருந்தன.

மனுவில் ஒட்டும் பத்து ரூபாய் வில்லைக்காக நீதிமன்ற வாசலுக்குப் போனோம். வில்லை விற்பவர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருந்தோம். வந்தவர் என்னைப் பார்த்து, “இந்த அம்மாவுக்கு என்ன வேணுமாம்?” என்றார்.

“அம்மாவுக்குக் காது நல்லாக் கேக்குமுங்க” என்றாய். அவர் வில்லையை உன் கையிலேயே கொடுத்தார். தபால் நிலையம் போகும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அன்று அடித்த வெயில்கூட எனக்குத் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது.

முப்பது நாள் கழித்துப் பதில் வந்தது. வாசித்தேன். நீ விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாய். சுண்டுவிரல் மட்டும் நீட்டியபடி நின்றது.

“அஞ்சாவது?”

“அதுக்குப் பதில் போடலக்கா.”

“அப்படியா? நல்லதாப் போச்சு. மேல்முறையீடு போட்டுருவோம். முதல் மனுவோட நகலை எடு. அதையும் வெச்சு அனுப்போணும்.”

இதை நான் யோசிக்கவில்லை. மேல்முறையீட்டில் மனுவின் நகலை இணைக்க வேண்டும். அதில் நான்கு கேள்விகள்தான் இருந்தன. நீ காத்திருந்தாய். தெருவில் மலைவாழை விற்றுக்கொண்டு யாரோ போனார்கள்.

“நான் எழுதலக்கா.”

நீ முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. “பரீட்சையில நான் தப்பாச் சொன்னதைக்கூட அப்படியே எழுதுனவ நீ” என்றாய். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். அம்மா கொண்டுவந்து வைத்த காப்பியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினாய்.

அடுத்த வாரம் இணைய மையத்துக்கு வரச் சொன்னாய். நான் தூர நிற்க வேண்டும், கூப்பிட்டால் மட்டும் வர வேண்டும் என்றாய். மனுவை இணையத்தில் போடும் பக்கம் ஒன்று இருந்தது. உன் பெயரை நீயே அடித்தாய். ஐந்தாவது கேள்வியை முதல் கேள்வியாக அடித்தாய். பிறகு படத்தில் கோணல்மாணலாக இருக்கும் எழுத்துகளைப் பார்த்து அடிக்கச் சொன்னது. குரல் “படம்” என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுபோனது.

“இங்க வா புள்ள.”

வந்து அடித்துக்கொடுத்தேன்.

“நான் ரோபோ இல்லைன்னு காட்டோணுமாம். ரோபோவுக்கெல்லாம் கண்ணு தெரியும்போல.”

அதற்குப் பிறகு அலுவலகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீ பட்டியல் முழுவதையும் கேட்டாய். மறுபடி கேட்டாய். தலைமைச் செயலகத்துத் துறைகள் ஒவ்வொன்றாக வந்தன. நம் மாவட்டத்தில் இருக்கும் அந்த அலுவலகம் வரவில்லை.

“இத்தனை பேரு நடுவுல நிக்காம ஒரு கேள்வி கேக்க முடியாதா புள்ள?” என்றாய். என்னிடம் கேட்ட மாதிரியும் இல்லை. எழுதுகிறவர், வில்லை விற்கிறவர், தபால்காரர், பிரித்து வாசிக்கிறவர். அதில் இரண்டு பேர் நான்.

அதற்குப் பிறகு நீ கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஆறு வாரம். உன் தம்பிதான் கூப்பிட்டார். “ஏனுங்க, அக்காவுக்குக் காய்ச்சலுன்னு பழநி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தமுங்க” என்றார். அந்த வாக்கியத்தை எப்படி முடித்தார் என்று எனக்கு ஞாபகமில்லை. கீரனூர் வந்தேன். தென்னந்தோப்பு ஓரம் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன். வெளிச்சம் இருக்கும்போதே திண்டுக்கல்லுக்குத் திரும்பிவிட்டேன்.

நீ போன பதினோராம் நாள் தபால்காரர் வந்தார். அரசு உறை. உன் பெயர், என் முகவரி.

புது மனுவை வேறு யாரையோ வைத்து எழுதி அனுப்பியிருக்கிறாய். விடுதியில் யாராவது எழுதிக் கொடுத்திருக்கலாம். முகவரியை மட்டும் மாற்றவில்லை. விடுதியில் தபால் தொலையும் என்பதற்காகவா, நான் வாசித்தால் போதும் என்பதற்காகவா? கேட்க வழியில்லை.

இரண்டு நாள் பிரிக்கவில்லை. மூன்றாம் நாள், வீட்டில் யாரும் இல்லாதபோது பிரித்தேன். உனக்கு வாசிக்கிற மாதிரியே சத்தமாக வாசித்தேன். அனுப்புநர். பெறுநர். பொருள். கடித எண். ஒரு எழுத்தும் விடவில்லை. அடுத்த தாளில் கட்டங்கள். உன் பெயர். பதிவு எண். மதிப்பெண். குறைந்த மதிப்பெண்தான். கடைசியில் குறிப்பு.

அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் பயந்த வாக்கியம் இல்லை. வேறு வாக்கியமும் இல்லை. காலிக் கட்டம். கீழே மூன்று கையெழுத்துகள்.

“இங்க ஒண்ணும் எழுதலக்கா” என்றேன்.

நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாய்.

“நெசமாவே எழுதலையா புள்ள, இல்ல நீ விட்டுட்டியா?”

தினமும் அதற்குப் பதில் சொல்கிறேன். உண்மையைத்தான் சொல்கிறேன். அதை நீ நம்புவதற்கு நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை.