ஆறாந் திருவிழா உபயம்

03.06.2025, செவ்வாய்
கோயில் கொடியேற்றத்துக்கு இன்னும் ஒரு மாதமே உள்ளது. ஆறாந் திருவிழாவும் அன்றைய அன்னதானமும் வழமைபோல் எங்கள் குடும்பத்தின் உபயம். லண்டனிலிருந்து மகள் பிரியவதனி செலவுக்குரிய பணத்தை நேற்றே அனுப்பிவிட்டாள். சென்ற வருடம் கத்தரிக்காய் முற்றல். இம்முறை அவ்வாறு நேரக் கூடாதென்று சமையற்காரரிடம் இப்போதே அறிவுறுத்தினேன்.

05.06.2025, வியாழன்
அயலவர் மார்க்கண்டுவின் மகன் ஜெகதீஸ் விடுமுறையில் ஊருக்கு வந்தவர், வீட்டுக்கும் வந்தார். லண்டனில் வதனியின் பகுதியிலேயே வசிப்பவர். அங்கே சனிக்கிழமைகளில், இல்லாதவர்களுக்கு உணவுப் பொருட்களை இலவசமாகக் கொடுக்கும் மண்டபமொன்றில் தொண்டு செய்கிறாராம்.
"வதனியக்காவையும் அங்கை காணுறனான், மாமா."
"அவளும் குடுக்கிறவளோ? என்னட்டைச் சொல்லவேயில்லை!"
அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.
"இல்லை மாமா... எடுக்க வாறவ. உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சிட்டன்."

06.06.2025, வெள்ளி
விளங்கவில்லை. முதியோர் இல்லமொன்றில் அவளுக்கு முழுநேர வேலை. வாசலில் கார் நிற்கிறது, படத்தில் பார்த்திருக்கிறேன். மருமகனுக்கு முதுகு நோவால் வேலை போய்விட்டதாம், ஜெகதீஸ் சொன்னார். வாடகையும் கரண்ட் காசும் கட்டினால் மிச்சம் இல்லையாம். என்றாலும் — லண்டனிலை சோத்துக்கு இல்லையெண்டால் ஆர் நம்புவினம்? நானே நம்பேல்லையே.

08.06.2025, ஞாயிறு
ஜெகதீஸிடம் நேரில் சென்று கேட்டேன்: "எங்கடை அன்னதானத்திலை பாங்க் மனேச்சரும் நிலத்திலை இருந்துதானே சாப்பிடுறார்? அதுமாதிரித்தானே அங்கையும்?"
"இல்லை மாமா. அங்கை ஏன் வாறீங்களெண்டு கேப்பினம். அக்கா முதல்நாள் வாசலோடை திரும்பிப் போட்டா."
அந்தப் பிள்ளையின் காசிலா நான் ஊருக்குச் சோறு போடுகிறேன்?

11.06.2025, புதன்
உபயத்தை விட்டுக்கொடுத்தேன். உடல்நிலை இடந்தரவில்லை என்று தர்மகர்த்தாவிடம் கூறினேன்.
"உங்களுக்கு ஏலாட்டில் என்ன, மாஸ்டர்? மகள் காசு அனுப்புவாதானே, நாங்கள் செய்விக்கிறம்."
வேறு யாருக்காவது கொடுக்கும்படி கூறினேன். எங்கள் தெருவிலுள்ள சறோஜினிதேவி குடும்பத்தினர் உடனே ஏற்றுக்கொண்டனர். நாளை லண்டன் திரும்பும் ஜெகதீஸிடம் வதனியின் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

15.06.2025, ஞாயிறு
வதனி அழைத்தாள்.
"உபயத்தை ஆரைக் கேட்டு விட்டுக்குடுத்தனீங்கள்?"
"உனக்காகத்தான் பிள்ளை —"
"கிழமைக்குக் கிழமை கையை நீட்டிக்கொண்டு நிக்கிறன், அப்பா. வருஷத்திலை ஒருநாள் நானும் குடுக்கிற ஆள் எண்டு இருந்தன். அதையும் பறிச்சுப்போட்டியள்."
தொடர்பைத் துண்டித்துவிட்டாள்.
நான் செய்தது சரியா, பிழையா? பசிக்கிறவள் ஏன் ஊருக்குச் சோறு போட வேண்டும்? நியாயம் என் பக்கம்தான். ஆனாலும் அவள் சொன்னதும் விளங்குகிறது. அதுதான் கரைச்சல்.

22.06.2025, ஞாயிறு
அழைத்தேன். எடுக்கவில்லை.

29.06.2025, ஞாயிறு
இன்றும் இல்லை.

09.07.2025, புதன்
ஆறாந் திருவிழா. வழமையாக இன்று நான் வாளியோடு பந்தியில் நடப்பவன். இம்முறை இலைக்கு முன்னால் இருந்தேன். சறோஜினிதேவியே பரிமாறினார். "கூச்சப்படாமல் சாப்பிடுங்கோ, மாஸ்டர்." நல்ல மனத்தோடுதான் சொன்னார். சோறு இறங்கவில்லை.

பின்னேரம் வதனி அழைத்தாள்.
"சாப்பிட்டனீங்களோ, அப்பா?"
"பந்தியிலை இருந்தனான். சாப்பிட ஏலாமல் போச்சு."
அவளுக்குப் பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.
"நீ சாப்பிட்டனியோ?" என்றேன். எப்போதும் உடனே ஓம் என்பவள்.
"இல்லை அப்பா. பிள்ளையளுக்குக் குடுத்திட்டன்."
"இப்ப குசினியிலை சமைக்க என்ன கிடக்கு?" என்று கேட்டேன்.
ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.