ஆளுநர் கண்ட கனவு

வரூசி கிராமம்,
5 மே 1817

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் கணவர் பனாகியும் குழந்தையும் இதுவரை நலம். எதிர்வீட்டுத் தச்சனைக் கொள்ளைநோய் நேற்றுக் கொண்டுபோய்விட்டது. ஊரைச் சுற்றிக் கயிறு கட்டி, தாண்டுகிறவர்களைச் சுடச் சிப்பாய்களை நிறுத்தியிருக்கிறீர்கள். அதை நான் குறை சொல்லவில்லை. பட்டாளத்திலிருந்து வந்து தீவின் ஆளுநரானவர் வேறென்ன செய்வார்?

ஆனால் ஞாயிற்றுக்கிழமை புனித அர்சேனியோஸ் திருநாள். அவர் படத்தைச் சுமந்துகொண்டு, கயிற்றைத் தாண்டி நகரத்துக் கோவிலுக்குப் போவதென்று ஊரார் முடிவு செய்துவிட்டார்கள். முன்னால் நின்று தூக்கப்போவது பனாகி. சுடுவார்கள் என்றேன். மாமியார் சிரிக்கிறார்: "போடி பைத்தியக்காரி! வருஷா வருஷம் மெழுகுவத்தி பிடிச்சுக்கிட்டுப் புனிதர் பின்னாலயே நடக்குற மனுஷன் உங்கப்பா. அவரா சுடச் சொல்லுவாரு?"

இவர்கள் மனம் குளிர லண்டன் அரசாங்கம் சொல்லித்தான் ஊர்வலத்தில் நடந்தீர்கள் என்பதும், வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றியபடி அந்தப் புனிதரைப் பற்றி என்ன சொல்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். இவர்களுக்குத் தெரியாதே. நீங்களே வந்து சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
ஹெஸ்டர்

ஆளுநர் மாளிகை,
6 மே

அன்பு மகள் ஹெஸ்டருக்கு,

நோய் தொற்றாமலிருக்கக் காடியில் முக்கி எடுத்த உன் கடிதம் பாதி கரைந்து வந்தது. படித்துவிட்டேன்.

உங்கள் புனிதரை நான் நம்பவில்லை என்று ஆளுநர் வாயைத் திறந்தால் அன்றைக்கே நகரம் பற்றிக்கொள்ளும். கயிற்றையும் அவிழ்க்க முடியாது. உனக்கும் குழந்தைக்கும் மட்டும் அனுமதிச் சீட்டு எழுதலாமென்று பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். ஆளுநர் மகளுக்கு ஒரு சட்டமா என்று எந்தச் சிப்பாயும் கேட்கக் கூடாது. கோபித்துக்கொள்ளாதே. பனாகியை வீட்டில் பூட்டிவை.

அப்பா

வரூசி,
8 மே

அன்புள்ள அப்பாவுக்கு,

சீட்டு வந்திருந்தாலும் நான் வந்திருக்கமாட்டேன். அதனால் கோபமில்லை.

கிணற்றடியில் நானே உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். "பெத்த அப்பனையே நாத்திகன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறியே, நீ நல்லா இருப்பியா?" என்று மாமியார் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு வந்தார். பனாகி, "உனக்குத்தான் அவரு அப்பா. எங்களுக்குப் புனிதரோட ஆளு. நீ சும்மா இரு" என்றார். உங்களை என்னிடமிருந்து காப்பாற்ற ஊரே திரண்டு நின்றது.

ஞாயிறு காலை கயிற்றருகே நீங்கள் இல்லையென்றால், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பனாகியோடு நடப்பேன். இது மிரட்டல் இல்லை.

ஹெஸ்டர்

ஆளுநர் மாளிகை,
11 மே, ஞாயிறு

ஹெஸ்டர்,

நீ கூட்டத்தின் கடைசியில் நின்றாய். நான் பேசியது கேட்டிருக்காது.

முதலில் உண்மையைத்தான் சொன்னேன். நம்பிக்கை இல்லாமல்தான் உங்கள் புனிதர் பின்னால் நடந்தேன் என்றேன். "பாவம், வெயில்ல நின்னு மனுஷனுக்குத் தலை கலங்கிருச்சு. யாராவது தண்ணி குடுங்கப்பா" என்றாள் உன் மாமியார். எல்லோரும் சிரித்தார்கள். பனாகி கயிற்றில் கை வைத்தான். சிப்பாய்கள் துப்பாக்கியை உயர்த்தினார்கள். நான் போட்ட ஆணைதான். அப்போது என் வாயில் அது வந்துவிட்டது: நேற்றிரவு புனிதர் என் கனவில் வந்தார், யாரும் ஊரை விட்டுப் போக வேண்டாம், அவரவர் வீட்டுக்கே வந்து காப்பதாகச் சொன்னார்.

மண்டியிட்டார்கள். திரும்பிப் போய்விட்டார்கள்.

போர்க்களத்தில் பகைவனிடம்கூட நான் இப்படிப் பொய் சொன்னதில்லை. பனாகி உயிரோடு இருக்கிறான். அது போதும் என்று ஒரு வரி எழுது.

அப்பா

வரூசி,
15 மே

அன்புள்ள அப்பாவுக்கு,

அந்த வரியை எழுதத்தான் தினமும் உட்காருகிறேன்.

இப்போது இங்கே நோயாளிகளை யாரும் ஒதுக்கி வைப்பதில்லை. "காப்பேன்னு புனிதரே கவர்னர்கிட்ட சொல்லிட்டாரு. அப்புறம் காடி எதுக்கு, புகை எதுக்கு?" என்கிறார் மாமியார். காய்ச்சலோடு கிடந்த தச்சன் பிள்ளைகளைத் தூக்கிவந்து நம் குழந்தையின் பக்கத்தில் படுக்கவைத்தார். நான் தடுத்தேன். பனாகி என் கையை மெதுவாக விலக்கிவிட்டார்.

நேற்றிலிருந்து குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது. அக்குளில் சின்னதாக ஒரு வீக்கம்.

நீங்கள் சொன்னது பொய்யென்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன், அப்பா. அந்தக் கனவில் குழந்தையைப் பற்றி அவர் ஏதாவது சொன்னாரா?

ஹெஸ்டர்